ஏற்காடு போனால் காப்பிக்காட்டுக்குள் போங்கள்

"ஏற்காட்டுல என்ன இருக்கு? ஒரு ஏரி, நாலு வியூ பாயிண்ட், மதியத்துக்குள்ள பார்த்து முடிச்சிடலாம்." லீவுக்கு எங்கே போகிறாய் என்று கேட்ட எல்லோரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ரூம் கிடைக்காதவர்கள் போகிற ஊர் என்று ஏற்காட்டுக்கு ஒரு பெயர். "ஏழைகளின் ஊட்டி" என்று எழுதி எழுதியே அதை நிலைக்க வைத்துவிட்டார்கள். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவே பிடிக்காது. ஊட்டியில் இருப்பதை இங்கே வந்து தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏற்காடு ஒரு காப்பி ஊர். ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் காப்பி விளைகிற மலை, ரோட்டோரச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே செடி தெரியும், ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் அதை வெறும் காடு என்று நினைத்துக்கொண்டே காரில் கடந்து போய்விடுகிறார்கள்.

டிசம்பர் நடுவில் நானும் தங்கையும் போனோம். அவளுக்கு வருடக் கடைசியில் தீர்க்க வேண்டிய விடுமுறை பாக்கி இருந்தது, எனக்கு வீட்டை விட்டு இரண்டு நாள் எங்காவது போனால் போதும் என்றிருந்தது. திருச்சியிலிருந்து நாமக்கல் வழியாகச் சேலம், அங்கிருந்து மலைக்கு பஸ். கார் வேண்டாம், லிஸ்ட் வேண்டாம், முழுதாக ஒரு நாள் கால் போன போக்கில் நடக்க வேண்டும் என்பது மட்டும்தான் திட்டம். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கின்றன, மொத்தம் 20, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். கீழே மூங்கிலும் வெக்கையுமாக இருக்கிறது, பாதி ஏறியதும் ஜன்னலை மூடச் சொல்லிப் பின்சீட்டுக்காரர்கள் குரல் கொடுக்கத் தொடங்குகிறார்கள். ஊர் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அரபிகா என்ற காப்பி வகைக்கு இது நல்ல உயரம்.

நாங்கள் தங்கியது நாகலூர் பக்கம், ஒரு சின்ன எஸ்டேட்டுக்குள் இருந்த பழைய ஓட்டு வீட்டில். முன்பக்கம் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள், பின்பக்கம் குடும்பம் இருக்கிறது. காலையில் அந்த அம்மா பித்தளை ஃபில்டரில் இறக்கிக் கொடுத்த காப்பியைத் தங்கை இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, தண்ணியா இருக்குல்ல?" என்றாள் மெதுவாக. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நாம் வீட்டில் குடிப்பதெல்லாம் சிக்கரி கலந்த பொடி. அந்தக் கறுப்பு நிறமும், கெட்டியும், நாக்கின் பின்னால் நிற்கிற கசப்பும் பாதிக்கு மேல் சிக்கரி கொடுப்பது. சிக்கரியே இல்லாத தனி அரபிகாவில் டிகாக்‌ஷன் வெளிர் செம்பழுப்பாகத்தான் இறங்கும், பாலை ஊற்றினால் நிறம் வெளிறிவிடும். இரண்டாவது டம்ளரைப் பால் குறைத்து, சர்க்கரை இல்லாமல் வாங்கிக் குடித்தபோதுதான் அதிலிருந்த லேசான புளிப்பு தெரிந்தது, குடித்து முடித்து வெகுநேரம் வரை வாயில் வாசனை இருந்தது. நான் சிக்கரிக்கு எதிரி இல்லை, திருச்சியில் வளர்ந்தவள் அப்படி இருக்கவும் முடியாது. ஆனால் விளைகிற இடத்துக்கு வந்துவிட்டு அதைக் கலப்பில்லாமல் ஒரு தடவை குடித்துப் பார்க்காமல் திரும்புவது நியாயமில்லை.

ஏழரை மணிக்கு மேல் பனிமூட்டம் கொஞ்சம் விலகியதும் வீட்டுக்காரர் "பழம் எடுக்கறாங்க, வர்றீங்களாம்மா?" என்று கூப்பிட்டார். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இங்கே அறுவடைக் காலம். செடிகள் நம் தோள் உயரத்துக்குத்தான் இருந்தன. வளரவிட்டால் மரமாகவே போய்விடுமாம், கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக நுனியைக் கிள்ளி, வருடா வருடம் கவாத்து செய்து அந்த உயரத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு கொத்தாகக் காய். பழம் எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை என்பதுதான் இந்த வேலையின் கஷ்டமே. ஒரே கொத்தில் கருஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை மூன்றும் இருக்கும், சிவந்ததை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும்.

இடுப்பில் சாக்குப் பை கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் நானும் பறிக்கிறேன் என்று போய் நின்றேன். "இழுக்காத கண்ணு, திருகு. பச்சையத் தொடாத" என்று என் விரலைப் பிடித்துக் காட்டினார். இழுத்தால் காம்போடு சேர்த்துக் கணு உரிந்து வந்துவிடும், அடுத்த வருடம் அந்த இடத்தில் பூ பிடிக்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழத்தை லேசாகத் திருக, அது தானாகவே கழன்று உள்ளங்கையில் விழுகிறது. அவர் கை என் கண் தொடர முடியாத வேகத்தில் கிளை நெடுகப் போனது, நான் ஒரு கொத்து முடிப்பதற்குள் அவர் அந்தச் செடியையே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். ஒரு பழத்தை வாயில் போட்டுப் பாருங்கள் என்றார் வீட்டுக்காரர். தோலை நசுக்கினால் வழுவழுவென்று ஒரு சாறு வருகிறது, நல்ல தித்திப்பு, காப்பி வாசனை துளியும் இல்லை. உள்ளே தட்டையான பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கொட்டை. சில பழங்களில் இரண்டில் ஒன்று வளராமல் போய், மற்றது மட்டும் உருண்டையாகத் திரண்டு நிற்கும், கடையில் பீபெரி என்று தனி விலைக்கு விற்பது அதுதான்.

பறிக்கிறவர்களில் பலரும் மலையாளிகள், அதாவது இந்த மலையின் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். தங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று சொல்லும் வழக்கு அவர்களிடம் உண்டு. இவர்களை எஸ்டேட்டில் கூலிக்கு வருகிறவர்களாக மட்டும் நினைத்துவிடக் கூடாது, பல குடும்பங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் அதில் காப்பியும் மிளகும் இருக்கிறது. என் விரலைப் பிடித்துக் காட்டிய பாட்டிக்கும் இருக்கிறதாம். "காலைல இங்க, சாயங்காலம் எங்களுது" என்றார். இந்த மலையின் காப்பி என்று எழுதும்போதெல்லாம் வெள்ளைக்காரக் கலெக்டர் பெயர் முதலில் வந்துவிடுகிறது, அந்தப் பெயரை நானும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் தினமும் இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கி இதை விளைய வைப்பவர்கள் இவர்கள்.

அந்தக் கலெக்டர் எம்.டி. காக்பர்ன். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்தவர், காப்பியையும் ஆப்பிள், பேரி முதலிய பழ மரங்களையும் ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலைக்குக் கொண்டு வந்தவர். பின்னாளில் கோத்தகிரியில் வாழ்ந்து நீலகிரியின் பறவைகளை வரைந்து வைத்த மார்கரெட் காக்பர்ன் இவருடைய மகள்தான். ஆப்பிள் இங்கே பெரிதாக எடுபடவில்லை, காப்பி நின்றுவிட்டது. இன்றைக்கு இந்தியக் காப்பியில் மிகப் பெரும் பங்கு கர்நாடகத்துடையது, அடுத்தது கேரளம், மூன்றாவதுதான் தமிழ்நாடு. ஆனால் தமிழ்நாட்டில் விளைவது பெரும்பாலும் அரபிகா. கீழே ஃபில்டர் காப்பி, ஃபில்டர் காப்பி என்று இவ்வளவு பெருமை பேசுகிற நாம், நம் மாநிலத்திலேயே அது எந்த மலையில் விளைகிறது என்று கேட்டால் யோசிக்கிறோம். ஏற்காடு, வால்பாறை, தாண்டிக்குடி, நீலகிரி என்று நான்கு பெயர் சொல்லத் தெரிந்தால் போதும், அதுகூட எனக்கு இந்தப் பயணத்தில்தான் மனதில் பதிந்தது.

வீட்டுக்காரர் நடக்கும்போதே சும்மா இருக்கவில்லை. ஒரு செடியின் இலையைத் திருப்பிக் காட்டினார், அடியில் ஆரஞ்சு நிறப் பொடி. விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்கிறது. இலைத் துரு. 1869இல் இலங்கையில் தென்பட்டு, அங்கிருந்த காப்பித் தோட்டங்களையே அடுத்த இருபது ஆண்டுகளில் அழித்த நோய் இது. தேயிலை அங்கே பெரிதாக வந்தது அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன நம் மக்கள் முதலில் கண்டி மலைகளுக்குப் போனது காப்பிக்காகவே, தேயிலைக்காக இல்லை என்பதைப் பலர் மறந்துவிட்டோம். ஒரு இலையின் அடியில் இருக்கிற இத்தனூண்டு பொடியால் எத்தனை குடும்பங்களின் பிழைப்பு மாறிப்போனது என்று நினைத்துக்கொண்டே அதைப் பார்த்தேன். இங்கே இப்போது துருவை ஓரளவு தாங்குகிற ரகங்கள் இருக்கின்றன. 1940களில் வந்த எஸ்.795 இவரிடம் பழைய செடிகளாக நிற்கிறது, புதிதாக நட்டதெல்லாம் 2007இல் வெளியான சந்திரகிரி. குடிக்க எது நல்லது என்று கேட்டதற்குத் தயங்காமல் எஸ்.795 பக்கம் கை காட்டினார். "காசு பார்க்க அது, குடிக்க இது."

அடுத்துக் காட்டியதுதான் என்னை அன்று முழுக்க யோசிக்க வைத்தது. வேலி ஓரத்தில் நின்ற ஒரு செடியின் தண்டில் என் கையை வைத்துத் தடவச் சொன்னார். பட்டைக்கு அடியில் வரப்பு வரப்பாக மேடு தட்டியது. தண்டுத் துளைப்பான் உள்ளே சுரங்கம் போட்டிருக்கிறது. ஒரு வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், புழு உள்ளேயே குடைந்து குடைந்து வேர் வரை போகும், செடி மஞ்சள் தட்டிச் சாகும். மருந்து அடித்துக் காப்பாற்ற முடியாது, பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். நம் நாட்டு அரபிகாவுக்கு இதைவிடப் பெரிய பூச்சி எதிரி இல்லை. சரி, ஏன் வேலி ஓரத்தில் மட்டும் இவ்வளவு செடிகள் போயிருக்கின்றன என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மேலே பார்த்தார். மேலே வானம். பக்கத்து நிலத்தை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெளியூர்க்காரர் வாங்கி, தங்கும் விடுதி கட்ட எல்லா மரத்தையும் வெட்டிச் சமன் செய்துவிட்டார், அந்தப் பக்கத்து நிழல் முழுக்கப் போய்விட்டது. வெயிலில் நிற்கிற தண்டைத்தான் அந்த வண்டு தேடி வருமாம். நிழல் சரியாக இருக்கிற இடத்தில் அவ்வளவாக அண்டாது.

அப்புறம் நான் செடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். காப்பிக்கு நிழல் வேண்டும், ஆனால் இருட்டு கூடாது, அதனால் அதை இரண்டு அடுக்காக வைத்திருக்கிறார்கள். கீழடுக்கில் கல்யாண முருங்கை, கிளைகளை வருடா வருடம் கழித்துவிட்டு வேண்டிய அளவுக்கு வெயிலை உள்ளே விடலாம். மேலடுக்கில் பலா, அத்தி, அப்புறம் நெடுநெடுவென்று சில்வர் ஓக், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி சுற்றி ஏறியிருக்கிறது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், சீக்கிரம் வளரும், நேராக வளரும், மிளகு ஏற்ற வசதி, தேவைப்பட்டால் வெட்டி விற்கவும் செய்யலாம். பலாவும் அத்தியும் இருக்கிற காட்டில்தான் பறவைச் சத்தம். செம்மீசைச் சின்னான்கள் காலை முழுக்க எங்கள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்தன. சில்வர் ஓக் மட்டும் நிற்கிற பக்கம் போனால் அந்தச் சத்தம் குறைந்துவிடுகிறது, இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நடந்தாலே தெரியும். ஏற்காடு இன்றும் பச்சையாக, குளிர்ச்சியாக இருப்பதற்கு ஒரு பெரிய காரணம் காப்பி நிழலில் விளைவதுதான் என்று நான் நினைக்கிறேன். தேயிலைக்கு மலையை மொட்டையடித்தார்கள், காப்பிக்கு மரத்தை விட்டு வைத்தார்கள். வியூ பாயிண்டில் நின்று "என்ன பச்சை!" என்று போட்டோ எடுக்கிறோமே, அந்தப் பச்சையில் பெரும் பகுதி யாரோ ஒருவர் கணக்குப் பார்த்து, வெட்டாமல் வைத்திருக்கிற நிழல் மரம்.

பத்து மணிக்கு மேல் களத்துக்கு வந்தோம். இரண்டு மூன்று நாளுக்கு முன் பறித்த பழத்தைப் பல்பரில் போட்டுத் தோல் உரித்து, தொட்டியில் ஒரு நாளைக்கு மேல் ஊறவிட்டு, அந்த வழுவழுப்பு போகும்வரை கழுவி, சிமெண்டுக் களத்தில் பரப்பியிருந்தார்கள். கொட்டையின் மேல் வெளிர்மஞ்சளாக ஒரு மொறமொறப்பான உறை இருக்கிறது, அதோடு காய்வதைப் பார்ச்மென்ட் என்கிறார்கள். பழத்தைத் தோலோடு அப்படியே காயவைத்தால் அது செர்ரி, அதற்கு இரண்டு வாரமாவது வெயில் வேண்டும். வயதானவர் ஒருவர் மரப் பலகையால் அதைக் கிளறி வரப்பு வரப்பாக இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார், மதியத்துக்குள் திரும்பத் திரும்பத் திசையை மாற்றி இழுத்தார். காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு கொட்டையை எடுத்து உறையை உரித்து என் கையில் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். பல் பதிந்தது. "பல்லு பதிஞ்சா இன்னும் ரெண்டு வெயில் வேணும்." சாயங்காலம் மூன்றரைக்கெல்லாம் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும், இரவுப் பனி பட்டால் நிறம் மங்கி விலை போய்விடும். சுமார் 6 கிலோ பழம் சேர்ந்தால்தான் 1 கிலோ காப்பிக் கொட்டை. நான் காலையெல்லாம் பறித்து வைத்திருந்தது ஒரு நாளைக்கு எங்கள் வீட்டுக்குக் காணுமா என்று தங்கை கேட்டாள். காணாது.

மதியம் ஊருக்குள் நடந்தோம். ஏரி, படகு, அண்ணா பூங்கா, சோளம் சுடுகிறவர்கள், மிளகாய் பஜ்ஜிக் கடைகள், இதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. பஜ்ஜி மட்டும் குறிப்பிட வேண்டும், அந்தக் குளிருக்கு அது வேறு ருசிதான், அதிலும் சேலத்துக் காரச் சட்னியோடு. வருத்தம் என்னவென்றால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாங்கள் ஏறிய கடைகளில் காப்பி கேட்டால் பாக்கெட் பொடியைச் சூடான பாலில் கலக்கிக் கொடுத்தார்கள். சுற்றிலும் காப்பி காய்கிற ஊரில் இது ஏன் இப்படி என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார்: வருகிறவர்களுக்கு நேரமில்லை, டிகாக்‌ஷன் இறங்கும்வரை நிற்க மாட்டார்கள், தனி அரபிகா போட்டுக் கொடுத்தால் தண்ணியாக இருக்கிறது என்று கிளாஸைத் திருப்பி வைக்கிறார்கள். காலையில் தங்கை சொன்ன அதே வார்த்தை. கடைக்காரர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நாம் கேட்டால் அவர்கள் போடப் போகிறார்கள். ஊருக்குள் நாலு இடத்திலாவது "இந்த மலைக் காப்பி" என்று எழுதி வைத்து, பத்து நிமிடம் உட்கார வைத்துக் கொடுத்தால் குடிக்க ஆள் வரும் என்றே நம்புகிறேன்.

சாப்பிட்டுவிட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போனோம். இதற்கு மட்டும் நான் வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இங்கே இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, இந்த மண்ணில் மனிதர்கள் எவ்வளவு பழைய காலத்திலிருந்து வாழ்கிறார்கள் என்ற தேடலையே தொடங்கி வைத்தவர். அதே ஆண்டு இன்னொரு கற்கால இடமான அத்திரம்பாக்கத்தையும் கண்டார். வேலையெல்லாம் முடிந்த பிறகு ஏற்காட்டில் வீடு வைத்து வாழ்ந்தார், 1912இல் கல்கத்தாவில் இறந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தார். வாழ்நாள் முழுக்க அவர் சேகரித்த கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அவருடைய மாமனார் யார் என்பது இன்னும் சுவாரசியம்: பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர், சென்னையில் 'தினவர்த்தமானி' இதழை நடத்தியவர், 6000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றியவர், மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். தமிழ் படித்தவர்கள் இவ்வளவு பேர் இந்த ஊருக்கு வந்து போகிறோம், ஏரிக்கரையில் ஒரு பலகையில்கூட பெர்சிவல் பெயரை நான் பார்க்கவில்லை. நாங்கள் இருந்த அரைமணி நேரமும் அந்த வளாகத்தில் வேறு யாரும் வரவில்லை. தங்கை, வரலாறு என்றாலே ஓடுகிறவள், கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நின்றாள்.

தாவரவியல் பூங்காவை அவசரமாகத்தான் பார்க்க முடிந்தது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை 1963 முதல் இங்கே ஆர்க்கிட் வகைகளைப் பாதுகாத்து வளர்க்கிறது. மேகாலயாவின் குடுவைச் செடியைப் பார்க்கத்தான் கூட்டம். நான் தேடிப் போய்ப் பார்த்தது வெர்னோனியா ஷெவராயென்சிஸ், சேர்வராயன் மலையின் பெயரையே கொண்ட செடி. பார்வைக்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது, ஆனால் இந்த மலையோடு பிறந்தது, பக்கத்தில் போய் நில்லுங்கள். சேர்வராயன் கோயிலுக்கு நேரமில்லை. மலையின் மிக உயரமான இடத்தில், 1623 மீட்டரில், குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள், மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் கூடும். அது தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போக வேண்டிய இடம், காரை நிறுத்திப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓட வேண்டிய இடம் இல்லை.

லேடிஸ் சீட் வியூ பாயிண்டுக்குப் போனோம், போகாமல் இருக்க முடியுமா. கீழே சேலம் முழுசாக விரிந்து கிடக்க, மாக்னசைட் என்ற வெள்ளைக் கனிமத்தை வெட்டி எடுத்த இடங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அங்கே நிற்கிற பலரும் அதைச் சுண்ணாம்பு என்று நினைக்கிறார்கள். கூட்டம் அதிகம், காற்று அதைவிட அதிகம். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்காரர் நிறையப் பேசினார். அவர் அப்பா காலத்தில் விளைந்த காப்பி முழுவதையும் மத்திய அரசின் காப்பி போர்டிடம் ஒப்படைக்க வேண்டும், பணம் தவணை தவணையாக வரும். 1990களில் அந்த முறை போய் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று வந்தது, சில வருடம் நல்ல விலை, அப்புறம் உலகச் சந்தை விழுந்தபோது பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. அந்தச் சமயத்தில்தான் மலையில் நிறைய நிலம் கைமாறியது என்றார். 2024க்குப் பிறகு விலை நன்றாக ஏறியிருக்கிறது, பிரேசிலில் மழை இல்லாவிட்டால் ஏற்காட்டில் விலை கூடும், அங்கே நன்றாக விளைந்தால் இங்கே இறங்கும், நம் கையில் ஒன்றும் இல்லை என்றார். விலை நன்றாக இருக்கிற இந்த நேரத்திலும் நிலத்தைக் கேட்டு ஆள் வருவது நிற்கவில்லை. காப்பியில் எத்தனை வருடம் உழைத்தாலும் வராத பணத்தை ஒரே கையெழுத்தில் தருவதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் பெங்களூரில் இருக்கிறார்கள், மலைக்குத் திரும்புகிற எண்ணம் இல்லை. "நான் இருக்கறவரைக்கும் மரத்துல கை வைக்க விடமாட்டேன். அதுக்கப்புறம் அவங்க இஷ்டம்" என்றார். அந்த அம்மா உள்ளேயிருந்து, "முன்பக்க ரூம் வாடகைலதான் இந்த வருஷம் கவாத்துக் கூலி குடுத்தோம், அதையும் சொல்லுங்க" என்றார்.

எனக்கு இதில் நியாயம் அநியாயம் பேசுகிற தகுதி இல்லை, விற்கிறவரின் கஷ்டம் விற்கிறவருக்குத்தான் தெரியும். ஆனால் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஏற்காட்டில் ரூம் எடுக்கும்போது, மலையை வெட்டிச் சமன் செய்து கட்டிய இடத்தை விட்டுவிட்டு, காப்பி நிற்கிற, மரம் நிற்கிற இடமாகக் கேட்டு எடுங்கள், சின்ன எஸ்டேட்டுகளில் இப்படி அறைகள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீச்சல் குளம் இருக்காது, டிவி சரியாக வராது, காலையில் வெந்நீருக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நாம் கொடுக்கிற வாடகை கவாத்துக்கும் களைக்கும் கூலியாகப் போகும். பொடி வாங்குவதானால் விளைவிக்கிறவரிடமே வாங்குங்கள், எந்த ரகம், எப்போது வறுத்தது, சிக்கரி எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். நாங்கள் எஸ்.795 தனியாக அரை கிலோ, சிக்கரி சேர்த்து அம்மாவுக்காக அரை கிலோ வாங்கினோம்.

பழம் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி. பூ பார்க்க வேண்டுமென்றால் மார்ச் அல்லது ஏப்ரலில் முதல் நல்ல மழை பெய்ததும் தங்கப்போகிற இடத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் மலை முழுக்க ஒரே சமயத்தில் பூக்கும், மல்லிகை வாசனை அடிக்கும், இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும், அதனால் தேதி குறித்துக்கொண்டெல்லாம் போக முடியாது. மே மாதம் கோடை விழா, அப்போது கூட்டம் தாங்காது. சேலத்திலிருந்து பஸ் அடிக்கடி இருக்கிறது, மேலே போன பிறகு நடக்க நல்ல செருப்பும் ஒரு ஸ்வெட்டரும் போதும்.